மலையேறிய த்ரீ நாட் த்ரீ

நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் நகரத்திலிருந்து 73ஆம் எண் நெடுஞ்சாலையில் மேற்கே திரும்பினால் முதலில் வருவது கேன்டர்பரி சமவெளி. இருபுறமும் ஆட்டு மந்தைகள், பால் பண்ணைகள், காற்றைத் தடுக்க வரிசையாக நட்ட பைன் மரங்கள். போர்ட்டர்ஸ் பாஸில் சாலை 939 மீட்டர் வரை ஏறி இறங்குகிறது. அதன்பின் கேசில் ஹில்லின் சுண்ணாம்புப் பாறைகள். அகன்ற கூழாங்கல் படுகையில் பல கால்களாகப் பிரிந்து ஓடும் வைமாக்கரிரி ஆறு. 920 மீட்டர் உயரத்தில் ஆர்தர்ஸ் பாஸ். அந்தக் கணவாயைத் தாண்டியதும் நிலம் அடியோடு மாறிவிடுகிறது. கிழக்கே காய்ந்த புல்வெளி, மேற்கே சொட்டச் சொட்ட நனைந்த மழைக்காடு. வண்டியை நிறுத்தினால் கீயா என்னும் மலைக்கிளி கூசாமல் வந்து உட்கார்ந்து, கண்ணாடியைச் சுற்றியுள்ள ரப்பரைக் கொத்த ஆரம்பிக்கும். 1999-ல் திறந்த ஓட்டிரா பாலம் 440 மீட்டர் நீளத்துக்கு மலைச்சரிவை ஒட்டி இறங்கி, நம்மை மேற்குக் கரையில் கொண்டுவிடுகிறது.

காரை ஓட்டியவன் என் சித்தி மகன். வேலைக்காக வந்து தெற்குத் தீவிலேயே தங்கிவிட்டவன். மற்றவர்கள் மீன்பிடித் தூண்டில் வாங்கும் வயதில் இவன் துப்பாக்கி உரிமத் தேர்வு எழுதினான். வண்டியின் பின்னால் பூட்டிய உறையில் ஒரு துப்பாக்கி, வேறொரு பெட்டியில் அதன் போல்ட், இன்னொன்றில் தோட்டாக்கள்.

“என்ன துப்பாக்கிடா அது?”

“த்ரீ நாட் த்ரீ அண்ணே. நம்ம ஊர் போலீஸ் ஸ்டேஷன்ல பாரா நிக்கிறவங்க வச்சிருப்பாங்களே, அதே ஜாதி.”

உறையைத் திறந்து காட்டியபோது நம்ப முடியவில்லை. காவல் நிலைய வாசலிலும் என்.சி.சி. அணிவகுப்பிலும் பார்த்த துப்பாக்கிக்குக் குழலின் நுனி வரை மரக்கட்டை மூடியிருக்கும். முனையில் கத்தி மாட்ட ஒரு தடித்த இரும்பு மூக்கு இருக்கும். இதில் அந்த மூக்கே இல்லை. முன்கட்டை பாதியில் அறுக்கப்பட்டு, முனை வழுவழுப்பாக உருட்டப்பட்டிருந்தது. குழலும் குட்டை. போர்க்களத்துக்கென்று செய்த ஒன்றை யாரோ மான் வேட்டைக்காக இழைத்து, அறுத்து, மெருகேற்றியிருக்கிறார்கள். உலகம் முழுக்க இதை ‘ஸ்போர்ட்டரைஸ்’ செய்வது என்கிறார்கள். ராணுவம் கழித்துவிட்ட துப்பாக்கியை மலிவு விலைக்கு வாங்கி வேட்டைக்கு ஏற்றபடி திருத்திக்கொள்ளும் வேலை இது. இப்போது அந்தத் துப்பாக்கி குறி தவறிக்கொண்டிருந்தது. ஹோக்கிட்டிக்கா பக்கம் உரிமம் பெற்ற பட்டறை வைத்திருக்கும் ஒரு பெரியவரிடம் அதைக் காட்டிவிட்டு, அப்படியே ஒரு பள்ளத்தாக்குக்குள் நடந்துவிட்டு வருவது எங்கள் திட்டம்.

ஏப்ரல் மாதம். இலையுதிர்காலம். ஆண்மான்கள் துணை தேடிக் கர்ஜிக்கும் பருவம். அந்நாட்டு வேட்டைக்காரர்கள் வருடம் முழுவதும் காத்திருப்பது இந்தச் சில வாரங்களுக்காகத்தான். இதே மாதம் 25ஆம் தேதி அன்சாக் தினம். 1915-ல் கலிபோலியில் இறங்கிய தங்கள் நாட்டு வீரர்களுக்காக ஊர்தோறும் விடியற்காலை அஞ்சலி நடக்கும். அந்த வீரர்கள் தோளில் இருந்தது லீ-என்ஃபீல்ட், அதாவது இதே த்ரீ நாட் த்ரீ (.303). அவர்களுடைய மகன்களும் பேரன்களும் மான் சுட எடுத்துப்போனதும் லீ-என்ஃபீல்ட். ஒரே குடும்பத்துத் துப்பாக்கி.

அந்தக் குடும்ப வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஸ்காட்லாந்தில் பிறந்து கனடாவில் வளர்ந்த ஜேம்ஸ் பாரிஸ் லீ என்பவரின் போல்ட் அமைப்பு. இங்கிலாந்தின் என்ஃபீல்ட் அரசு ஆலையில் வகுத்த குழல் வரிகள். இரண்டும் சேர்ந்து 1895-ல் லீ-என்ஃபீல்ட் ஆனது. காலாட்படைக்கு நீளமானது, குதிரைப்படைக்குக் குட்டையானது என்று இரண்டு வகை இருப்பது தொல்லை என்பதை போயர் போர் உணர்த்தியது. இருவருக்கும் பொதுவாக ஒரு நடுத்தர நீளத் துப்பாக்கி வந்தது. அதன் மிகப் புகழ்பெற்ற வடிவம் 1907-ல் வந்த மார்க் 3. எடை சுமார் 4 கிலோ, மொத்த நீளம் 113 சென்டிமீட்டர், மேகசினில் 10 தோட்டா. இங்கிலாந்து போதாமல் ஆஸ்திரேலியாவின் லித்கோவிலும், கல்கத்தாவுக்கு அருகே இஷாப்பூரிலும் செய்தார்கள். பின்னால் வந்த நம்பர் 4 மாடலை கனடாவும் அமெரிக்காவும்கூடச் செய்தன. இரண்டு உலகப் போர்கள் முடிந்தபோது இவை லட்சக்கணக்கில் மிஞ்சிக் கிடந்தன. இந்தியாவில் அவை காவல்துறைக்குப் போயின. உத்தரப் பிரதேசக் காவல்துறை அவற்றுக்கு விடைகொடுத்தது 2020-ல்தான். நியூசிலாந்தில் அவை காட்டுக்குப் போயின.

போனதற்குக் காரணம் மான்கள். நியூசிலாந்துக்குச் சொந்தமான தரைப் பாலூட்டி என்றால் வௌவால் மட்டுமே. குடியேறிய ஆங்கிலேயர்கள் வேட்டை இன்பத்துக்காக விலங்குகளைக் கப்பலில் கொண்டுவந்தார்கள். 1861-ல் நெல்சன் பகுதியில் விட்ட சிவப்பு மான்கள் பெருகின. 1870-களில் இலங்கையிலிருந்து கடமான் வந்தது. 1904-ல் பெட்ஃபோர்டு பிரபு இமயமலை வரையாடுகளை அனுப்பினார். 1905-ல் அமெரிக்க அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் வாப்பிட்டி மான்களையும், 1907-ல் ஆஸ்திரியப் பேரரசர் ஃபிரான்ஸ் ஜோசஃப் ஷாமுவா என்னும் மலையாடுகளையும் பரிசளித்தார்கள். அடித்துத் தின்ன புலியோ ஓநாயோ இல்லாத நாடு. காட்டின் அடிமட்டச் செடிகளை மான்கள் மேய்ந்து தீர்த்தன. 1930-ல் அரசு மான்களுக்கு இருந்த சட்டப் பாதுகாப்பை முழுமையாக நீக்கியது. உள்துறை, கேப்டன் யெரெக்ஸ் என்பவர் தலைமையில், சம்பளத்துக்கு மான் சுடும் ஆட்களை மலைகளுக்கு அனுப்பியது. 1956-ல் அந்தப் பொறுப்பு வனத்துறைக்கு மாறியது. வாரக்கூலி கொஞ்சம், சுட்ட மானின் தோலுக்கோ வாலுக்கோ தனிப் படி. அந்த இளைஞர்கள் கையில் இருந்தது பெரும்பாலும் ராணுவத்திலிருந்து வந்த .303. அவர்களில் ஒருவரான பேரி கிரம்ப் 1960-ல் எழுதிய ‘எ குட் கீன் மேன்’ நாவல் அந்த வாழ்க்கையை நாட்டின் நாட்டார் கதையாகவே ஆக்கிவிட்டது.

இப்போது துப்பாக்கியை ஏன் அறுத்தார்கள் என்பது விளங்கும். ராணுவத் துப்பாக்கியின் ஒவ்வோர் உறுப்பும் போருக்காக இருக்கிறது. குழலை மூடும் மேல்கட்டை, விரைவாகச் சுட்டுச் சூடேறிய குழல் கையைப் பொசுக்காமல் இருக்க. இரும்பு மூக்கு, கத்தி மாட்ட. மான் சுடுபவனுக்கு ஒரு நாளில் ஒன்றிரண்டு வெடி. குழல் சூடேறப் போவதில்லை. கத்திச் சண்டைக்கும் வாய்ப்பில்லை. ஆனால் அந்த மரத்தையும் இரும்பையும் சுமந்துகொண்டு அவன் ஆற்றைக் கடந்து, புதரில் நுழைந்து, மலை ஏறவேண்டும். திரும்பும்போது இறைச்சிச் சுமை வேறு. ஆகவே முதலில் ரம்பம் எடுத்தார்கள். மூக்கும் மேல்கட்டையும் போய், முன்கட்டை பாதியானால் அரைக் கிலோவாவது குறையும். குழலைச் சில அங்குலம் குறைத்தால் கொடிகளில் சிக்காது.

ஹோக்கிட்டிக்கா கடலோரச் சிற்றூர். தங்க வேட்டைக் காலத்தில் ஓகோவென்று இருந்து, இன்று பச்சைக்கல் நகைகளுக்குப் பேர்போனது. பட்டறை ஊருக்கு வெளியே தகரக் கொட்டகை. உள்ளே ஆளிவிதை எண்ணெய் வாசனை. பெரியவர் இளமையில் வனத்துறைக்காக மான் சுட்டவர். முழங்கால் போனபின் கடைசல் இயந்திரத்தின் முன் நின்றவர். துப்பாக்கியை வாங்கியதும் முதலில் போல்ட்டிலும் உடலிலும் பொறித்த எண்கள் ஒன்றா என்று பார்த்தார். லீ-என்ஃபீல்டில் ஒவ்வொரு போல்ட்டையும் அதனதன் உடலுக்கென்று பொருத்தியிருப்பார்கள். கண்ட போல்ட்டை மாட்டினால் தோட்டா உட்காரும் இடத்தில் இடைவெளி மிகுந்து, பித்தளை உறை கிழியக்கூடும். அளவுக்கட்டையைச் செருகி அந்த இடைவெளியைச் சரிபார்த்தார். பிறகு குழலை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து உள்ளே நோக்கினார்.

“பழைய தோட்டாவின் உப்பு கொஞ்சம் தின்றிருக்கிறது. ஆனாலும் ஆள் பிழைத்துவிட்டான்” என்றார்.

அந்தக் காலத்து ராணுவத் தோட்டாவின் பற்றவைப்பு மருந்து வெடித்தபின் குழலுக்குள் உப்பை விட்டுச்செல்லும். உப்பு ஈரத்தை இழுக்கும். ஈரம் துருவை வளர்க்கும். எண்ணெயால் துடைத்தால் உப்பு கரையாது. அதனால் சுட்ட அன்றே குழலுக்குள் கொதிநீர் ஊற்றிக் கழுவி, உலர்த்தி, அப்புறம்தான் எண்ணெய் போடவேண்டும். மேற்குக் கரையின் அடைமழையில், ஒரே ஒரு கெட்டில் உள்ள குடிசையில், தேநீருக்கா துப்பாக்கிக்கா என்ற கேள்வி வந்தால் முதல் தண்ணீர் துப்பாக்கிக்குத்தான் என்பது அவருடைய பழைய தலைவர் போட்ட சட்டமாம்.

உடலில் இருந்த முத்திரை லித்கோ, 1942. குறி தவறுவதற்குக் காரணத்தை அவர் குழலில் தேடவில்லை, மரத்தில் தேடினார். இந்த மாடலின் குழல் மெலிது. அது சீராக அதிரவேண்டும் என்பதற்காகவே, முன்கட்டையின் நுனி வரை எங்கே தொடவேண்டும், எங்கே தாங்கவேண்டும் என்று கணக்கிட்டு வடிவமைத்திருந்தார்கள். இரும்பு மூக்குக்குள் ஒரு சிறு சுருள்வில் இருந்து குழலை மேல்நோக்கி உந்தும். கட்டையை அறுத்த கை அந்த ஏற்பாட்டையும் சேர்த்து அறுத்துவிட்டது. போதாததற்கு, சுடும்போது வரும் பின்னுதையை வாங்கும் மரத்தோள்கள் எழுபது எண்பது ஆண்டுகளாக எண்ணெய் குடித்துப் பஞ்சாகிவிட்டன. ஒவ்வொரு வெடிக்கும் இரும்பு மரத்துக்குள் ஒரு மயிரிழை நகர்கிறது. தோளில் மயிரிழை, நூறு மீட்டரில் ஒரு சாண்.

அவர் செய்த மருத்துவம் பார்க்கச் சுகமாக இருந்தது. நைந்த மரத்தைச் செதுக்கி எடுத்துவிட்டுப் புது வால்நட் துண்டுகளை ஒட்டினார். குழலின் அடிப்பகுதி மட்டும் மரத்தில் அழுந்தப் படியவும், மற்ற பகுதி எங்கும் தொடாமல் காற்றில் நிற்கவும் இழைத்தார். ஒரு தாளை மரத்துக்கும் குழலுக்கும் இடையே விட்டு, அது தடையின்றிச் சறுக்குகிறதா என்று பார்த்தார். பிறகு குழலின் வாய். ரம்பத்தால் அறுத்தவர் அதை நேராக அறுத்திருக்கவில்லை. ரவை குழலைவிட்டு வெளியேறும் கணத்தில் பின்னால் வரும் வாயு ஒரு பக்கம் முந்திக்கொண்டால் ரவை சாய்ந்துவிடும். கடைசலில் பிடித்து நேராக்கினார். கடைசியில் உருண்டைத் தலைப் பித்தளைத் திருகாணியில் அரைப்புப் பசை தடவி, குழல்வாயில் வைத்துச் சுழற்றி விளிம்பை நேர்த்தி செய்தார். “இந்த வேலைக்கு இதற்குமேல் கருவி வேண்டாம்” என்றார். இன்னும் குட்டையாக்கலாமா என்று தம்பி கேட்டதற்குத் தலையசைத்து மறுத்தார். குழல் குறைந்தால் சத்தமும் தீப்பொறியும் கூடும், வேகம் குறையும். தவிர, மொத்த நீளம் 762 மில்லிமீட்டருக்குக் கீழே போனால் நியூசிலாந்துச் சட்டப்படி அது கைத்துப்பாக்கி, கதையே வேறு.

அடுத்த கேள்வி தொலைநோக்கி. தம்பிக்கு அதில் ஆசை. பழைய .303-ல் தொலைநோக்கி பொருத்துவது லேசான காரியமல்ல. கடினமாக்கிய எஃகில் துளையிட்டு மரையிடவேண்டும். மாட்டியபின் கண் மேலே போய்விடும். கன்னம் கட்டையில் படாது. ஆகவே பின்கட்டைக்கு மேடு கட்டவேண்டும். ஒன்றைத் தொட்டால் இன்னொன்று. பெரியவர் கேட்டது ஒன்றே: “எங்கே சுடப்போகிறாய்?” காட்டுக்குள் என்றால் மான் முப்பது நாற்பது மீட்டரில் இலைகளுக்கு நடுவே தெரியும், அங்கே உடலின் பின்புறம் பொருத்தும் துளைக்குறியே விரைவானது. மரமில்லாத மேல்மலையில் வரையாடு என்றால் இருநூறு, முன்னூறு மீட்டர். அங்கே தொலைநோக்கி இல்லாமல் ஆகாது. தம்பி போவது காட்டுக்கு. பழைய துளைக்குறியே நிலைத்தது. துப்பாக்கியைத் திருத்துவது நிலத்தைப் படிப்பதிலிருந்து தொடங்குகிறது என்று எனக்குப் பட்டது. பட்டியல் பார்த்து எல்லாவற்றையும் மாட்டுகிறவன் கனத்தைத்தான் கூட்டுகிறான்.

தோட்டாவைப் பற்றியும் சொல்லவேண்டும். ராணுவ ரவைக்கு முழு உலோக உறை. அது மானை ஊடுருவிப் போய்விடும். மான் காயத்தோடு ஓடி, எங்கோ வலியில் சாகும். வேட்டைக்கு வேண்டியது பட்டவுடன் முனை விரியும் ரவை. இந்த விரியும் ரவைக்கும் நம் நாட்டுக்கும் ஒரு கசப்பான உறவு உண்டு. 1890-களில் கல்கத்தாவை ஒட்டிய டம்டம் ஆயுதசாலையில்தான் .303-க்கு அப்படியொரு ரவையைச் செய்தார்கள். போரில் அதைப் பயன்படுத்தக்கூடாது என்று 1899-ல் ஹேக் மாநாடு அறிவித்தது. போரில் கொடுமை என்று விலக்கிய அதே தன்மை, வேட்டையில் விலங்குக்குச் செய்யும் குறைந்தபட்ச மரியாதை ஆகிறது. அந்நாளில் மலிவு ராணுவத் தோட்டாவின் முனையை அரத்தால் தேய்த்துக்கொண்டு போனவர்களும் உண்டு. அது ஆபத்து; ஈயம் மட்டும் பறந்து, உறை குழலுக்குள் தங்கிவிட்டால் அடுத்த வெடியில் குழல் பிளக்கும். இன்று செர்பியாவில் செய்யும் மென்முனைத் தோட்டாக்கள் கிடைக்கின்றன. தம்பி வாங்கிவைத்திருந்ததும் அவைதான்.

பட்டறைக்குப் பின்னால் உள்ள மைதானத்தில் இலக்குத் தாளில் சுட்டுப் பார்த்ததில் குறி ஒரு உள்ளங்கைக்குள் அடங்கியது. மறுநாள் பள்ளத்தாக்கு.

இயற்கைப் பாதுகாப்புத் துறையின் வேட்டை அனுமதி இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. அதை அச்சிட்டு எடுத்துக்கொண்டோம். நியூசிலாந்து மலைகளில் நடப்பவர்கள் எல்லோரும் அறிந்தும் அறியாமலும் பழைய மான்சுடுநர்களுக்குக் கடன்பட்டவர்கள். தொங்குபாலங்கள், தடங்கள், நாலு படுக்கையும் ஆறு படுக்கையும் உள்ள சிறு குடிசைகள் எல்லாம் பெரும்பகுதி வனத்துறை தன் சுடுநர்களுக்காகப் போட்டவை. மாவு மூட்டையையும் தகரத்தையும் விமானத்திலிருந்து வீசியிருக்கிறார்கள். பாலம் வருவதற்கு முன் ஆற்றில் இறங்கித்தான் கடக்கவேண்டும். குடியேற்றக் காலத்தில் நீரில் மூழ்குவதையே ‘நியூசிலாந்துச் சாவு’ என்பார்களாம். நாங்கள் நடந்த தொங்குபாலம் ஒரு நேரத்தில் ஒருவரைத்தான் தாங்கும். கீழே பனிநீர் சாம்பல் நிறத்தில் ஓடியது. கரையில் நின்றால் மணல் ஈக்கள் மொய்த்துப் பிடுங்கும். நடந்துகொண்டே இருப்பதுதான் மருந்து.

நாங்கள் தங்கிய குடிசைக்கு மேலே புல்வெட்டவெளியில் விடியலில் மான் கத்தியது. நம்மூர் மாடு ஈனும்போது எழுப்பும் குரலை நாலு மடங்காக்கினால் அது வரும். தம்பி ஆரஞ்சுச் சட்டையோடு முன்னே போனான். கர்ஜனைப் பருவத்தில் பெரிய அபாயம் மானல்ல, மனிதன். மானின் குரலைப் போலச் செய்து மானை அழைப்பது வழக்கம். அழைப்பவனையே மான் என்று எண்ணிச் சுட்ட துயரங்கள் உண்டு. அதனால் இலக்கு எது என்பதைச் சந்தேகத்துக்கு இடமின்றி உறுதிசெய் என்பது அந்நாட்டின் ஏழு பாதுகாப்பு விதிகளில் ஒன்று. கொம்பு மட்டும் தெரிந்தால் சுடக்கூடாது. அசைவு தெரிந்தால் சுடக்கூடாது. தம்பி இரண்டு முறை துப்பாக்கியை உயர்த்தி, இரண்டு முறையும் இறக்கிவிட்டான். வெயில் ஏறியபின் ஓடைக்கு அக்கரையில் ஓர் இளம் மான் பக்கவாட்டில் முழுசாக நின்றது. ஒரே வெடி. மான் நின்ற இடத்திலேயே விழுந்தது. இறைச்சியை வெட்டிப் பைகளில் போட்டுச் சுமந்து இறங்கியபோது, குழலில் குறைத்த ஒவ்வொரு அங்குலத்துக்கும் தோள் நன்றி சொன்னது.

இந்தியர்களுக்கு இந்தக் காட்சி நெருடும். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பின் வேட்டை நமக்குக் குற்றம், அது சரியும்கூட. தமிழ்நாட்டின் மாநில விலங்கான நீலகிரி வரையாடு 2024 கணக்கெடுப்பில் மாநிலத்தில் 1,031தான் இருந்தது. அதன் இமயமலை உறவினரை நியூசிலாந்து 10,000-க்கு மேல் பெருக விடக்கூடாது என்று 1993-லேயே திட்டம் போட்டு, ஹெலிகாப்டரிலிருந்தும் சுடுகிறது. அங்கே வரையாட்டுக்கு இயற்கை எதிரி இல்லை. மலைப்பூக்களும் செடிகளும் அதன் பல்லுக்குப் பழகாதவை. ஒரே குணமுள்ள விலங்கு ஓரிடத்தில் செல்வம், இன்னோரிடத்தில் சுமை. துப்பாக்கியின் நியாயமும் அந்தந்த மலையைப் பொறுத்தே அமைகிறது.

மலிவு என்பதைப் பற்றியும் ஒரு வார்த்தை. போர்கள் முடிந்த ஒவ்வொரு நாட்டிலும் இதே கதை நடந்தது. ஜெர்மானியர்கள் நார்வேயில் விட்டுச்சென்ற மவுசர்கள் வேட்டைக்கு மாறின. அமெரிக்காவில் பழைய ஸ்பிரிங்ஃபீல்டுகளைப் புகழ்பெற்ற பட்டறைகள் கலைப்பொருளாகவே இழைத்தன. அதே மலிவுக்கு இருண்ட பக்கமும் உண்டு. 1963-ல் கென்னடியைக் கொன்ற இத்தாலிய ராணுவத் துப்பாக்கி, மலிவுத் தொலைநோக்கியோடு 19.95 டாலருக்குத் தபாலில் வாங்கியது. 1968-ல் அமெரிக்கா தபால் விற்பனையைத் தடுத்தது. நியூசிலாந்தில் 2019-ல் கிறைஸ்ட்சர்ச் பள்ளிவாசல் படுகொலைக்குப் பின் அரைத் தானியங்கி வகைகள் பெரும்பாலும் தடைசெய்யப்பட்டன. 2023 முதல் ஒவ்வொரு துப்பாக்கியையும் பதிவுசெய்கிறார்கள். கையால் போல்ட்டை இழுத்துச் சுடும் .303 அந்தத் தடைக்குள் வரவில்லை.

இன்னொரு மாற்றத்தைப் பட்டறைப் பெரியவர் காட்டினார். சுவரில் இரண்டு லீ-என்ஃபீல்டுகள். ஒன்று அறுத்தது, ஒன்று மூக்கும் கட்டையும் முழுதாக இருப்பது. அவர் இளமையில் முழுதாக இருந்ததைவிடத் திருத்தியதற்குத்தான் மதிப்பு. யாரோ உழைத்திருக்கிறார்கள் அல்லவா. இன்று தலைகீழ். எல்லோரும் அறுத்துத் தள்ளியதில் அறுக்காதது அருகிவிட்டது. சேகரிப்பாளர்கள் அதைத் தேடி அலைகிறார்கள். அறுபட்டதற்கு மரமும் மூக்கும் வாங்கிப் பழையபடி ஆக்க முயல்கிறார்கள். குழலைக் குறைத்திருந்தால் அதுவும் நடக்காது. இன்று இந்த வேலையை மலிவு என்று சொல்லவும் முடியாது. கடைசல் கூலி, துளையிடும் கூலி, தொலைநோக்கித் தாங்கி எல்லாம் கூட்டினால் புதிய வேட்டைத் துப்பாக்கியின் விலையைத் தொட்டுவிடும்.

கனடாவிலும் ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் வாழும் தமிழர்களில் உரிமம் எடுத்து வேட்டைக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு என் சிபாரிசு இது. முழுதாக இருக்கும் பழைய ராணுவத் துப்பாக்கி கையில் சிக்கினால் ரம்பத்தை எடுக்காதீர்கள். திருகாணியால் கழற்றித் திரும்ப மாட்டக்கூடிய மாற்றங்களோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஏற்கெனவே யாரோ அறுத்தது கிடைத்தால் தயங்காமல் வாங்குங்கள். விலையும் குறைவு, இழப்பதற்கும் ஒன்றுமில்லை. எதுவானாலும் முதல் தோட்டாவைப் போடுவதற்கு முன் தேர்ந்த துப்பாக்கிப் பட்டறையில் ஒருமுறை காட்டிவிடுங்கள்.